யாழ்ப்பாணத் தீவுகள்: பிரயாணமும் பூர்விகச் சின்னங்களும்

யாழ்ப்பாணத் தீவுகள் என்பன, இலங்கையின் வடகோடியிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் புறத்தே, பாக்கு நீரிணையின் ஆழமற்ற கடலில் சிதறிக் கிடக்கும் தமிழ்த் தீவுக் கூட்டமாகும். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைதீவு என முன்னர் வழங்கிய காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய ஏழினையும் சப்த தீவுகள் என்று கூறுவது மரபு; குடாநாட்டை அடுத்துள்ள மண்டைதீவையும் சேர்த்து எட்டெனக் கொள்வாரும் உளர். கச்சதீவு குடியிருப்பில்லாத சிறு தீவாயினும் நிர்வாக முறையில் நெடுந்தீவைச் சார்ந்தது. தேசப்படத்தில் இவற்றை நோக்குவோர் ஒரு நாட்டின் ஓரத்தில் உதிர்ந்த துணுக்குகள் என எண்ணக்கூடும்; ஆனால் நெடுந்தீவின் மேற்குக் கரையிலிருந்து இராமேசுவரத்துக்குள்ள தூரமும், அதே கரையிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றே என்பதனை அளந்து பார்த்தால், இரு நாடுகளுக்கும் நடுவிலே நின்ற வாயில்கள் இவை என்பதும், இவற்றின் ஒதுக்கம் அண்மைக் காலத்து அரசியலும் போரும் விளைத்ததேயன்றிப் பூர்விகமானதன்று என்பதும் விளங்கும். இத்தீவுகளில் எஞ்சி நிற்கும் சாசனம், கோட்டை, கோயில், விகாரை, குதிரை லாயம் ஆகிய யாவும் இந்த ஒரு செய்தியையே வெவ்வேறு விதமாக உரைக்கின்றன.

நிலமும் நீரும்

திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூர் போன்ற உள்நாட்டு ஊரிலே பிறந்து, கருங்கல் மலைகளையும் ஏரிக்கரைகளையும் பார்த்தே வளர்ந்து, கடலைக் காண்பதற்குப் புதுச்சேரிக்கோ மரக்காணத்துக்கோ செல்லவேண்டியிருக்கும் ஒருவருக்கு இத்தீவுகளின் நில அமைப்பு முதலில் பெருவியப்பையே தரும். இங்கே மலையில்லை, குன்றில்லை, ஆறும் இல்லை; நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலே தட்டையாகப் பரந்து கிடக்கிறது. அடியிலுள்ளது மயோசீன் காலத்தில், அதாவது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக் கல். எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் கிணறு வெட்டுவதென்றால் பாறையை வெடிவைத்துப் பிளந்து ஆழத்துக்குப் போகவேண்டும். தீவுகளிலோ சிறிது ஆழத்திலேயே நீர் ஊறிவிடும். ஆகவே அங்கே கேள்வி நீர் எத்தனை ஆழத்தில் உள்ளது என்பதன்று, அது நன்னீரா உவர்நீரா என்பதேயாம்.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது இத்தீவுகளின் சரித்திரம் முழுவதையும் விளங்கிக்கொள்வதற்கு அவசியமாகும். மாரிக்காலத்து மழைநீர் துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லின் வழியே இறங்கி, அடியில் நாற்புறமும் ஊடுருவி நிற்கும் கடல்நீரைக் காட்டிலும் கனம் குறைந்ததாகையால், எண்ணெய் நீரின்மேல் மிதப்பது போல அதன்மேல் ஒரு வில்லை வடிவாய்த் தங்கி நிற்கிறது. தீவின் நடுவில் அந்த வில்லை தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்கும். அளவறிந்து இறைப்போருக்கு அது ஆண்டு முழுவதும் உதவும். மிகுதியாக இறைத்தாலோ கீழேயுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணற்றைக் கெடுத்துவிடும். மழையும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வருவதே. ஆதலால் எந்தத் தீவில் எத்தனை குடிகள் வாழலாம், எந்தக் கோட்டை எத்தனை நாள் முற்றுகையைத் தாங்கும், எத்தனை குதிரைகளை வளர்க்கலாம் என்பவற்றையெல்லாம் அரசர்களும் தளபதிகளும் தீர்மானித்ததைவிட நன்னீரே தீர்மானித்தது எனலாம். வேலணையின் சாட்டிப் பகுதி கடலுக்கு மிக அணித்தாயிருந்தும் நன்னீருக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள சிந்தாத்திரை மாதா ஆலயம் கடற்பயணிகளின் பாதுகாவலியாகிய மரியன்னையின் பெயரால் எழுந்தது.

நாகதீபமும் மணிபல்லவமும்

தீவுகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்றாகிய நயினாதீவு, பரப்பில் நான்கு சதுர கிலோமீட்டர் அளவினதேயாயினும், சமயச் சிறப்பால் ஏனைய தீவுகள் அனைத்தையும் விஞ்சி நிற்கிறது. ஸ்ரீ நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகதீப விகாரையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது நேரத்தில் நடந்து செல்லக்கூடிய தூரத்திலே, தத்தமக்கென இறங்குதுறைகளோடு கடலை நோக்கியிருக்கின்றன. அம்மன் ஆலயத்தைச் சக்தி பீடங்கள் அறுபத்துநான்கனுள் ஒன்றாகப் பக்தர்கள் போற்றுவர். போர்த்துக்கேயர் காலத்தில் அழிக்கப்பட்டு, 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்ட இவ்வாலயத்தின் ஆனி மாத மகோற்சவத்துக்குக் குடாநாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் அடியார் திரள்வர். அம்மனைப் பூசிக்கும் பொருட்டு வாயிலே பூவைக் கௌவிக்கொண்டு கடலைக் கடந்து வந்த நாகமொன்றைக் கருடன் வழிமறித்ததாகவும், அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் இடைபுகுந்து அதனைக் காத்ததாகவும் கர்ணபரம்பரை கூறும். அந்தச் சம்பவத்துக்குச் சாட்சியாக இரண்டு கற்களைக் கடலோரத்திலே இன்றும் காட்டுவர். பௌத்தருக்கோ இத்தீவு, புத்தர் பெருமான் இலங்கையில் விஜயம் செய்த புண்ணிய ஸ்தலங்கள் பதினாறனுள் ஒன்று. மணி இழைத்த ஆசனம் ஒன்றன் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருகனுமாகிய நாகவேந்தர் இருவர் போர் தொடுத்தபோது, ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டிலே புத்தர் ஆங்கெழுந்தருளி அவர்களைச் சமாதானம் செய்தார் என்பது பாளி நூலாகிய மகாவம்சம் கூறும் வரலாறு.

இதே பூசல் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையிலும் வருவது குறிப்பிடத்தக்கது. நாகநாட்டு மன்னர் இருவர் ஒரு பீடிகைக்காகப் பொருத வரலாறு அங்கே மணிபல்லவம் என்னும் தீவோடு இயைத்துக் கூறப்படுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தெற்கே முப்பது யோசனை தூரத்திலுள்ளதாகக் காப்பியம் கூறும் அத்தீவிலேதான் மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கிறாள். கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியைப் பெறுகிறாள். அந்தப் பாத்திரத்தை முன்னர்க் கையிலேந்தியிருந்த ஆபுத்திரன் கடற்காற்றின் மிகுதியால் கப்பல் ஒதுங்கியபோது கரையிறங்கி, அவன் திரும்பி ஏறினான் என்று எண்ணி மரக்கலம் இரவிலே புறப்பட்டுவிட, பசிப்போர் எவருமில்லாத அத்தீவில் உயிர்களை ஊட்டாத பாத்திரத்தோடு உயிர் வாழ மனமின்றி உண்ணாது உயிர்நீத்தான் என்பது கதை. தீவு யாத்திரையில் படகைத் தவறவிட்டோருள் தமிழ் இலக்கியத்தில் முதன்மையானவன் ஆபுத்திரனே என்று வேடிக்கையாகச் சொன்னாலும் தவறாகாது.

நாகதீபமும் மணிபல்லவமும் இன்றைய நயினாதீவும் ஒன்றுதானா என்பது அறிஞர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் ஆராய்ச்சி. 1926இல் வெளிவந்த புராதன யாழ்ப்பாணம் பற்றிய தம் ஆங்கில நூலில் முதலியார் செ. இராசநாயகம் மணிபல்லவத்தையும் நாகதீபத்தையும் ஒன்றெனவே வாதித்தார். எனினும் 1936இல் குடாநாட்டு வல்லிபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம், கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் வசப மன்னன் ஆட்சியின்போது இசிகிராய என்னும் அமைச்சன் நாகதீபத்தை ஆண்டதாகக் கூறுவதால், அக்காலத்தில் நாகதீபம் என்றது ஒரு சிறு தீவையன்றிக் குடாநாட்டுப் பிரதேசம் முழுவதையுமே எனக் கொள்ளுதல் பொருந்தும். காப்பியம் கூறும் மணிபல்லவமோ மக்கள் வாழாத தீவு. இந்த மூன்று பெயர்களையும் ஒரே இடத்தில் பொருத்திவிட வேண்டும் என்னும் ஆர்வம் இயல்பானதே. ஆனால் ஆதாரங்கள் அவ்வளவு தூரம் இடந்தரவில்லை என்பதே நம் அபிப்பிராயம். பாக்கு நீரிணையின் இருகரையிலும் வாழ்ந்த மக்கள், பாளியில் எழுதினாலும் தமிழில் பாடினாலும், நாகரையும் மணியையும் பீடிகையையும் இக்கடற்பரப்போடு இணைத்தே நினைத்தனர் என்பது மட்டும் ஐயமின்றித் தெளிவாகும்.

ஊராத்துறையும் அரச சாசனமும்

புராணச் செய்திகளிலிருந்து கல்லில் வெட்டிய வரலாற்றுக்கு வருவோமாயின், நயினாதீவிலே கிடைத்த தமிழ்ச் சாசனமே தீவுகளின் பழமைச் சின்னங்களுள் தலையாயது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது இது எனப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனைப் பதிப்பித்து நிறுவினார். சிங்கள வேந்தன் ஒருவன் தன் ஆணையைத் தமிழிலே பொறித்தான் என்பதிலிருந்தே அத்துறைமுகத்தில் வழங்கிய மொழி இன்னதென்பது போதரும். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கிறது. அடுத்துவரும் பகுதி இன்னும் சுவையுடையது: யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு, வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, மறுபாதி உடையவனுக்கு. கரையில் ஒதுங்கியதெல்லாம் கரையாளும் அரசனுக்கே உரியது என்பது உலகில் பல நாடுகளிலும் நெடுங்காலம் நிலவிய வழக்கு. அதனை வரையறுத்து, அதிலும் படைக்கு இன்றியமையாத யானை குதிரைகளைக் கொணர்வோர்க்குச் சலுகை காட்டிய இந்த ஆணை, வணிகரை ஈர்க்க விரும்பிய அரசனின் கணக்கையும், இக்கடலில் கலம் உடைவது எத்துணைச் சாதாரணமாயிருந்தது என்பதையும் ஒருங்கே காட்டுகிறது.

ஊராத்துறை என்பதே இன்று வேலணைத் தீவின் வடமேற்கு முனையிலுள்ள ஊர்காவற்றுறை. அக்காலத்துச் சோழர் இதனை எவ்வாறு நோக்கினர் என்பதற்குத் திருவாலங்காட்டிலுள்ள இரண்டாம் இராசாதிராசன் காலத்துச் சாசனம் சான்று பகரும். பாண்டிய நாட்டின்மேல் மீண்டும் படையெடுக்கும் நோக்கத்தோடு பராக்கிரமபாகு ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களில் படைகளைத் திரட்டிப் படகுகளைச் சமைப்பித்தான் என்றும், அதனைத் தடுக்கும் பொருட்டுச் சோழர் தரப்பிலிருந்து படை அனுப்பப்பெற்றது என்றும் அச்சாசனம் கூறும். தொண்டைநாட்டுக் கோயில் கல்லிலே இத்தீவின் துறைமுகப் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. இன்று அக்கோயிலுக்குச் செல்லும் யாத்திரிகருள் எத்தனை பேருக்கு அத்துறை எங்குள்ளதெனத் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஊராத்துறைக்குத் தென்கிழக்கே அதே தீவிலுள்ள அல்லைப்பிட்டியில், 1970களின் பிற்பகுதியில் ஜான் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர், 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனத்துச் சொங் வமிசக் காலப் பீங்கான் கலங்களைப் பெருவாரியாகக் கண்டறிந்தார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தார் இலங்கை அறிஞரோடு சேர்ந்து அங்கே மீண்டும் அகழ்வாய்வு நடத்தினர். தொன்மைக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளிலே, 1850ஆம் ஆண்டுப் புயலில் மணல் விலகி வெளிப்பட்ட ஸ்காரா பிரே என்னும் கற்காலச் சிற்றூரைக் காணச் செல்வோர், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மூலையில் தனித்து வாழ்ந்தவர்களின் அடுப்பையும் படுக்கையையும் பார்த்து வியப்பர். யாழ்ப்பாணத் தீவுகளின் தொன்மை அத்தன்மையதன்று; இங்கே மண்ணைத் தோண்டினால் அகப்படுவது ஏழு கடல் கடந்து வந்த பிறர் பொருளே.

கோட்டைகளும் யானைத்துறையும்

போர்த்துக்கேயர் 1619இல் இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடித்து யாழ்ப்பாண இராச்சியத்தைக் கவர்ந்துகொண்ட பின்னர், ஊர்காவற்றுறை யானை ஏற்றுமதித் துறையாகப் பெயர்பெற்றது. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் இங்கிருந்து இந்தியத் துறைமுகங்களுக்குக் கப்பலேறின. இத்துறைமுகத்தின் நுழைவாயிலில், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவிலுள்ள மணல்திட்டின்மேல், அவர்கள் ஒரு கோட்டையைக் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்தோர் குடிநீர் அற்றுப்போனமையால் சரணடைய நேர்ந்தது. சுற்றிலும் நீர் சூழ நின்ற கோட்டை நீரின்றியே வீழ்ந்தது. ஒல்லாந்தரும் கோட்டையைச் செப்பனிடும்போது நீர்த்தொட்டியில் கவனம் செலுத்த மறக்கவில்லை. ஹாமன்ஹீல் என்று அவர்கள் பெயரிட்ட இக்கடற்கோட்டை பின்னர்ச் சிறையாகவும் தொற்றுநோயாளரைத் தனிமைப்படுத்தும் இடமாகவும் பயன்பட்டு, இன்று கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாகி நிற்கிறது. எதிர்க்கரையில் ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்த மற்றொரு கோட்டையோ கவனிப்பாரின்றிச் சிதைந்து, முட்செடிகளிடையே சில சுவர்களாக எஞ்சியுள்ளது.

ஒல்லாந்தர் தீவுகள்தோறும் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ராட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்றாயின. இவற்றுள் டெல்ஃப்ட் என்பது மட்டும் அரசாங்கப் பத்திரங்களிலும் ஆங்கிலப் பேச்சிலும் நிலைத்துவிட, ஏனையவை பெரும்பாலும் மறைந்தன. இத்தீவுகளிலும் மன்னாரிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட சாயவேரும் ஒல்லாந்தரின் வருமானத்துக்குத் துணையாயிற்று. சோழமண்டலக் கரைத் துணிகளின் செஞ்சாயம் இவ்வேரிலிருந்து பெறப்பட்டதே. இந்த ஒல்லாந்தர் நம் பக்கத்துக்கும் அந்நியர் அல்லர் என்பதை இங்கே நினைவுகூரலாம். கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே செல்லும் சாலையிலுள்ள செஞ்சியிலிருந்து ஆண்ட நாயக்க மன்னனிடம் அனுமதி பெற்றுத்தான் அவர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலே காலூன்றினர்; அரை நூற்றாண்டு கழித்து அவர்களே ஊர்காவற்றுறைக் கடலின் திறவுகோலைக் கையில் வைத்திருந்தனர்.

நெடுந்தீவு

தீவுகளுள் மிகவும் விலகி நிற்பதும், பாலமோ தாம்போதியோ இல்லாததும், பிரயாணிகள் கட்டாயம் ஒரு நாளையாவது ஒதுக்கவேண்டியதும் நெடுந்தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். கரையிலிறங்கிச் சிறிது தூரம் சென்றதுமே கண்ணில் படுவன, காணிகளைச் சுற்றி இடுப்புயரத்துக்கு எழும்பி நிற்கும் பவளக்கல் மதில்கள். குடாநாட்டில் வேலி என்றால் கிளுவையும் பனையோலையுமே. இங்கோ சாந்தோ சுண்ணாம்போ பூசாமல், கல்லின்மேல் கல்லை அடுக்கியே மைல்கணக்கில் வேலி கட்டியிருக்கிறார்கள். நிலத்தைத் திருத்தும்போது வெளிப்படும் கற்களை எங்காவது போட்டாகவேண்டும், ஆடுமாடுகளையும் குதிரைகளையும் பயிருக்குள் புகாமல் தடுக்கவும் வேண்டும். இரண்டு காரியங்களையும் ஒருசேர முடிக்கும் உபாயம் இது. அயர்லாந்துக்கு மேற்கேயுள்ள ஆரன் தீவுகளிலும் இவ்வாறே சுண்ணாம்புக்கல் மதில்கள் உண்டென்பர். ஒருவரையொருவர் அறியாத இரு தீவு மக்கள் ஒத்த நிலத்தில் ஒத்த முடிவுக்கு வந்ததற்கு இது நல்ல உதாரணம்.

குதிரைகளே நெடுந்தீவின் பிரசித்திக்குக் காரணம். போர்த்துக்கேயர் கொணர்ந்தவை எனக் கருதப்படும் இவற்றை ஒல்லாந்தர் ஒழுங்காக இனம்பெருக்கி வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஐரிஷ் இராணுவ அதிகாரி இத்தீவின் நிர்வாகத்தை ஏற்று அவ்வேலையைத் தொடர்ந்தார். தூண் வரிசையாக எஞ்சிநிற்கும் குதிரை லாயத்தின் இடிபாடு இன்றும் உண்டு. ஆங்கிலேயர் அத்தொழிலைக் கைவிட்டதும் குதிரைகள் கட்டவிழ்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தாமே மேய்ந்து, உயரம் குறைந்த மட்டக்குதிரைகளாய், தீவின் தென்மேற்கிலுள்ள வெட்டவெளியில் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. கோடையில் குட்டைகள் வற்றும்போது இவற்றுள் சில நீரின்றி மடிவதும் உண்டு. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

போர்த்துக்கேயர் காலத்ததெனக் கூறப்படும் சிறு கோட்டை, பவளக்கல்லையும் அதனையே சுட்டெடுத்த சுண்ணச் சாந்தையும் கொண்டு இரண்டு தளமாகக் கட்டப்பட்டுச் சிதைந்து நிற்கிறது. அதன் சுவர்களை அணுகிப் பார்த்தால், கல் ஒவ்வொன்றிலும் பவளப் பூச்சிகள் கட்டிய அறைகளின் அமைப்பு தெளிவாய்த் தெரியும். பழைய நீதிமன்றத்தின் அருகேயுள்ள புறாக்கூடு, கடிதப் போக்குவரத்துக்குப் புறாக்களைப் பழக்கிய காலத்தின் எச்சம் என்பர். பெருக்கமரம் ஒன்று அடிமரம் குடைந்து, பலர் உள்ளே நின்று நிமிரக்கூடிய அளவுக்குப் பருத்துக் காணப்படுகிறது. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்திருக்கலாம் என்று கருதுவர். தீவின் மேற்குப் பகுதியில் வெடியரசன் கோட்டை என மக்கள் வழங்கும் கற்குவியல் ஒன்றுள்ளது. வெடியரசன் என்பான் முக்குவர் தலைவன். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மரக்கலம் செலுத்திவந்த மீகாமனோடு அவன் பொருத கதையைக் கண்ணகி வழக்குரை என்னும் நூல் கூறுகிறது. மதுரையில் முடிந்த சிலம்பின் கதை இத்தீவுக் கடலிலே தொடங்குவதாக ஈழத்து மரபு சொல்வது, தமிழ்நாட்டு வாசகர் அதிகம் அறியாத செய்தி. இங்கும் நாகமும் மணியுமே கதையை நடத்துகின்றன. இவை தவிர, வளர்ந்துகொண்டே இருப்பதாக நம்பி வணங்கப்படும் கல் ஒன்றையும், அசுரப் பாதம் பதிந்தது எனப்படும் பள்ளம் ஒன்றையும் வழிகாட்டிகள் காட்டுவர். அவற்றைக் காண்பதற்குச் செலவிடும் நேரத்தில் மேற்குக் கரையோரமாகச் சிறிது தூரம் நடந்து, பவளக்கல் சிதறிய கரையில் நீலமும் பச்சையுமாய் மாறும் ஆழமற்ற நீரைப் பார்ப்பதே மேல் என்பது இதனை எழுதுபவரின் துணிபு.

அண்மைக் காலம்

உள்நாட்டுப் போர் இத்தீவுகளைக் கொடுமையாகத் தாக்கியது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணஞ்செய்தோருள் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளை மக்கள் நினைவுகூர்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து குடிகள் பெருவாரியாகப் பெயர்ந்தனர். பலர் கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் நிலைத்துவிட்டனர். கூரையிழந்த கல்வீடுகளும், அவற்றுக்கு நடுவே வெளிநாட்டுப் பணத்தால் புதுக்கி வண்ணந்தீட்டிய கோபுரங்களும் புங்குடுதீவுச் சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு காலத்தில் உலகம் இத்துறைகளுக்கு வந்தது. பின்னர் இத்துறைகளின் மக்கள் உலகெங்கும் போயினர்.

காற்றும் கரையும் போக்குவரவும்

தீவுப் பயணத்துக்குக் காலம் பார்ப்பது நாள் நட்சத்திரத்துக்காக அன்று, காற்றுக்காக. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். கார்த்திகை மார்கழியில் வாடையும் மழையும். தை மாதக் கடைசி தொடங்கிச் சித்திரை வரையுள்ள காலமே கடல் அமைதியுற்று நிற்கும் பருவம். மண்டைதீவை அடுத்த ஆழமற்ற களப்பில் பூநாரை முதலிய வலசைப் பறவைகள் கூடுவதையும் அப்போது காணலாம். காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் நெடுந்தூரம் இறங்கிச் சென்றாலும் நீர் இடுப்புக்கு மேல் ஏறாது. அத்தீவிலேயே ஈழத்துச் சிதம்பரம் என்னும் சிவாலயமும், 1916இல் கட்டிமுடித்த கோவளம் வெளிச்சவீடும் உள்ளன.

கீழ்பென்னாத்தூரிலிருந்து புறப்படுவோர் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னையை அடைந்து, 2019இல் தொடங்கிய விமானச் சேவையில் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்குச் செல்லலாம். அல்லது விழுப்புரம், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் சென்று, 2023 அக்டோபரில் தொடங்கி இடையே நின்று 2024இல் மீண்ட காங்கேசன்துறைக் கப்பலில் ஏறலாம். நாகையிலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல்மைல். வானிலை கெட்டால் கப்பல் ஓடாது. கடவுச்சீட்டு இரண்டு வழிக்கும் வேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகப் பேருந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைகிறது. இங்கிருந்து நயினாதீவு கால்மணி நேரப் படகுப் பயணம்; நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்பன இத்தடத்தில் ஓடிப் பழகிய பெயர்கள். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு, ஊரார் பாதை என்று வழங்கும் மிதவையில் வண்டியோடு கடந்துவிடலாம். கடற்கோட்டையை மிக அண்மையிலிருந்து பார்க்கச் செலவில்லாத வழியும் அதுவே.

கச்சதீவு இவ்வகைப் பயணத்தில் அடங்காது. 285 ஏக்கர் பரப்புடைய, குடிநீரில்லாத இத்தீவு 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் விளைவாக இலங்கையின் எல்லைக்குள் அடங்கியது. மாசி பங்குனியில் அந்தோனியார் ஆலயத் திருவிழாவின்போது மட்டும் இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் யாத்திரிகர் அனுமதி பெற்று அங்கே கூடுவர். அவ்விழா நாட்களில்தான் இருகரைத் தமிழ் மீனவரும் சச்சரவின்றி ஒரே மணலில் அமர்ந்து பேசுகிறார்கள்.

இரண்டு நாட்களே கையிலுள்ளவர் முதல் நாளை நெடுந்தீவுக்கு ஒதுக்குவது உசிதம். காலைப் படகில் சென்றால், அங்கே வாடகை வண்டியொன்றை அமர்த்திக்கொண்டு, பிற்பகல் திரும்பும் படகுக்குள் லாயத்தையும் கோட்டையையும் பெருக்கமரத்தையும் பார்த்துவிடலாம். மறுநாள் நயினாதீவுக்கு. காற்று மாறி அன்று நெடுந்தீவுப் படகு நின்றுபோனாலும், நயினாதீவுக்கான குறுகிய கடப்பு பெரும்பாலும் தடைப்படுவதில்லை. நெடுந்தீவில் தங்க நினைப்போர் குடிநீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.